செவிட்டு நாய் கேட்ட சத்தம்

பிறவிச் செவிடான அந்த வெள்ளை நாய், மாந்தோப்புப் பாழுங்கிணற்றை மூடியிருந்த கல்லின்மேல் காதை வைத்துப் படுத்திருந்தது.

தோப்பு வாசலில் நின்றபடி யதிராஜன் அதைப் பார்த்தார். அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆங்கில வாத்தியார். வாசல் பலகையில் தன் பெயரைவிட எம்.ஏ.வைப் பெரிதாக எழுதி வைத்தவர். ராஜபாளையத்துக்கு நாய்க்குட்டி வாங்க வந்து காணாமல்போன அமெரிக்க இளைஞனைத் தேடி, 1988-ல் கோல்மன் என்ற துப்பறிவாளர் வந்து இவரை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டதிலிருந்து, வீட்டில் காபிகூட ஆங்கிலத்தில்தான் கேட்டார்.

தோப்பில் வேலை பார்க்கும் வேலுத்தாய் சொன்னாள்: "வெள்ளிக்கெழம மொதலாளி ஆளுக கல்ல வச்சு மூடுனாவ, அய்யா. அன்னைலேருந்து உள்ள மூணு மூணாத் தட்டுது. பேயின்னு நா கிட்டயே போறதில்ல. இந்தச் செவிட்டுக் கழுததான் காத வச்சுக் கேட்டுக்கிட்டே கெடக்கு."

செவிட்டு நாய் கேட்கிறது. கிணற்றில் பேய். இதைப் போய் வெள்ளைக்காரரிடம் சொன்னால் நம் நாட்டைப் பற்றி என்ன நினைப்பார்? யதிராஜன் தேசத்தின் மானத்தை அந்த இடத்திலேயே காப்பாற்றினார்.

"ஷி நோஸ் நத்திங், சார்."

இவ்வளவு நேரம் பேசினாளே என்றார், நோட்டும் பேனாவுமாகப் பக்கத்தில் நின்ற கோல்மன். இவர்கள் அப்படித்தான் என்றார் யதிராஜன். நோட்டு மூடியது. அவர் கார் மதுரைக்குப் போய்விட்டது.

மறுநாள் வகுப்பில் யாரோ மேசையைத் தட்டினார்கள். மூன்று தடவை. பையன்கள் எல்லாரும் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானம் வீட்டுக் கொல்லைப்புறத்தில், ஈர மண் வாசனைக்கு நடுவே, உலக்கைச் சத்தம் மூன்று முறை கேட்டு நின்றது.

"ஏன் நிறுத்திட்டே?" என்றார்.

"நான் எங்கே இடிச்சேன்? உரல் காலியான்னா கிடக்கு" என்றாள் மனைவி பங்கஜவல்லி.

மதுரையில் கோல்மனுக்கு ஒரு டிரங்க் கால் போட்டிருக்கலாம். என்னவென்று சொல்வது? நேற்று பொய் சொன்னேன் என்றா? அந்த வாக்கியத்துக்கு மட்டும் அவருக்கு இங்கிலீஷ் வரவில்லை. இரண்டு நாள் வரவில்லை.

மூன்றாம் நாள் உச்சி வெயிலில் தோப்புக்கு ஓடினார். அழுகிய மாம்பழ வாடை. காற்று இல்லை. ஒரு காக்கை இல்லை.

சருகு கூட்டிக்கொண்டிருந்த வேலுத்தாய் நிமிர்ந்தாள். "வாங்கய்யா. நேத்து சாயங்காலத்தோட நின்னுபோச்சு. தொரைட்ட சொல்லி ஏதும் செஞ்சியளோ?"

யதிராஜன் தலையாட்டினார். ஆமாம் என்று.

கல்மேலிருந்து நாய் எழுந்தது. அவரைப் பார்த்து வந்தது. அவர் பின்வாங்கினார். முதுகில் மாமரம் இடித்தது. நாய் முன்னங்கால்களை அவர் இடுப்பில் ஊன்றி எழுந்து நின்றது. நெஞ்சில் காதை வைத்தது. கண்ணை மூடிக்கொண்டது.

வேலுத்தாயின் கை விளக்குமாற்றோடு அப்படியே நின்றது. அவர் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது அவளுக்கும் கேட்டது.

மூன்று.

நிசப்தம்.

மீண்டும் மூன்று.

நாய் மெல்ல வாலை ஆட்டத் தொடங்கியது.