கடைசிச் சக்கரத்துக் காற்று

எங்கள் மலையூர் கமென்யாக்கின் லாரிக் கொட்டகைக்குள் மூன்று வருடம் கழித்து நான் மறுபடி கால் வைத்தது, புனித டிமிட்டர் திருநாளுக்கு முந்தின நாள் மதியம். இரண்டு மணி என்று கடிகாரம் சொன்னது. மூடுபனி அதை ஒப்புக்கொள்ளவில்லை. மலையையும் தேவாலயத்தையும் விழுங்கிவிட்டு, கொட்டகை வாசலில் வந்து படுத்திருந்தது.

கதவுக்கு முன்னால் ஒரு பெண் நின்று காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஸ்டோய்னா. ஸப்ரியானின் மனைவி. மூன்றாம் ஆண்டு நினைவு நோட்டீஸ். கறுப்புக் கட்டம், நடுவில் அவன் முகம். போட்டோ எடுக்கிறார்களே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற முகம். நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு என்று அதே முகம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, கதவில் ஒரு விரற்கடை கனத்துக்கு நின்றது. எங்கள் ஊரில் உயிரோடு இருப்பவர்கள் நாற்பத்துமூன்று பேர். சுவர்களில் இருப்பவர்கள் அதைவிட அதிகம்.

ஸ்டோய்னா மூன்று வருடமாக என்னோடு பேசியதில்லை. அன்று திரும்பாமலே பேசினாள்.

"நாளைக்கு நாங்க ஏழு பேரும் அந்த வண்டி மேலதான் நின்னு பாடப்போறோமாம். கீழ எறங்கப் பதினொரு வளைவு. பிரேக் பிடிக்குமா, நைடென்?"

"பிடிக்கும்."

"பாத்துட்டுச் சொல்றியா, வாய்க்கு வந்ததச் சொல்றியா?"

"இனிமேதான் பாக்கணும்."

பசைவாளியை எடுத்துக்கொண்டு பனிக்குள் போய்விட்டாள்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மரம் ஏற்றுகிற கூட்டுறவின் பழைய லாரி. ஸப்ரியான் அதில்தான் செத்தான். கூட்டுறவின் நிர்வாகியாக அப்போது இருந்தவர் எவ்லோகி. கூட்டுறவு மூடப்பட்டது, எவ்லோகி மேயரானார். நிர்வாகி எவ்லோகி விற்க முடியாமல் போட்டுவைத்த லாரியை மேயர் எவ்லோகி ஊருக்காக வாங்கினார். இரு தரப்பும் மனமொத்துப் பேசி முடித்ததாகக் கேள்வி. பிறகு அதற்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, 'அவசர மீட்பு ஊர்தி' என்று பொன் எழுத்தில் எழுதவைத்தார். அதற்குக் கீழே அவர் பெயர். மீட்பைவிடப் பெயர் கொஞ்சம் பெரிசு.

திருநாள் அன்று பாதிரியார் தண்ணீர் தெளிப்பார், துருத்திக்குழல் ஊதுவார்கள், ரிப்பன் வெட்டப்படும். பின்னால் ஏழு பெண்கள் பாட, மேயரே ஓட்டிக்கொண்டு மாவட்டத் தலைநகருக்கு இறங்குவார். இதில் எனக்குள்ள பங்கு, பிரேக்கைச் சரிபார்த்து ஒரு தாளில் கையெழுத்துப் போடுவது. பெடல் அழுத்த ஒரு ஆள் அனுப்புவதாக மேயர் வாக்குக் கொடுத்திருந்தார். அவருடைய மற்ற வாக்குகளைப் போலவே அதுவும் வரவில்லை.

உள்ளே ஈர மண்ணும் பழைய ஆயிலும் புதுப் பெயிண்டும் கலந்த வாசனை. லாரி ஜாக்கிகளின்மேல் நின்றது. ஒவ்வொரு சக்கரத்தின் டிரம்மிலும் பிரேக் ஷூவை உரசுகிறவரை திருகி, அப்புறம் ஒரு துளி தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிக் காதை வைத்துக் கேட்டேன். அதுவரை ஒருவன் தனியாகச் செய்யலாம்.

பிரேக் ஆயிலுக்குள் சிக்கின காற்றை எடுப்பதுதான் இரண்டு பேர் வேலை; காற்று இருந்தால் பெடல் இறங்கும், பிரேக் பிடிக்காது. ஒருவன் உள்ளே உட்கார்ந்து பெடலை மூன்று முறை மிதித்து, நான்காம் முறை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவன் அடியில் படுத்து சக்கரத்திலுள்ள நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்தால், ஆயில் குழாய் வழியாகப் பாட்டிலுக்கு வரும். கூடவே காற்றுக் குமிழும் வரும். மூடின பிறகுதான் காலை எடுக்கலாம். முன்னாடியே எடுத்தால் போன காற்று திரும்பிவிடும். அடியில் இருப்பவனுக்கு உள்ளே இருப்பவன் தெரியமாட்டான். நம்பித்தான் ஆகவேண்டும்.

ஸப்ரியானும் நானும் பதினாறு வருடம் அப்படிச் செய்தோம். கம்ப்ரஸர் இரைச்சலில் குரல் கேட்காது என்பதால் அவன் பதில் சொல்வதில்லை. கதவுத் தகட்டில் விரல் மடக்கித் தட்டுவான். ஒரு தட்டு: அழுத்திப் பிடித்திருக்கிறேன். இரண்டு தட்டு: விட்டுவிட்டேன். நான் "விடு" என்று சொல்லாமல் ஒரு நாளும் அவன் காலை எடுத்ததில்லை. ஒரு தடவை நான் சொல்ல மறந்து, அவரைக்காய் சூப் குடிக்கப் போய்விட்டேன். அரைமணி கழித்து வந்து பார்த்தால், வியர்த்துக் கொட்டிக்கொண்டு அப்படியே பிடித்திருந்தான். "நீ சூப்பு குடிக்கற சத்தம் இங்க வரைக்கும் கேக்குதுடா" என்றான்.

இப்போது ஒரு மரக்கட்டையை சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் முட்டுக் கொடுத்தேன். நிப்பிளைத் திறந்ததும் பெடல் இறங்கியது; கட்டை விழுந்தது. மறுபடி ஏறினேன், முட்டுக் கொடுத்தேன், இறங்கினேன், படுத்தேன். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு லாரியில் ஒன்பது தடவை ஏறி இறங்கியவன், பத்தாவது தடவை தன்னை அறியாமல் பழைய பழக்கத்தில் வாயைத் திறப்பான்.

"அழுத்து!"

சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. காலிக் கொட்டகை அந்தச் சொல்லை வாங்கி வைத்துக்கொண்டது.

தலைக்கு மேல் பெடல் முனகியது. ஒன்று. இரண்டு. மூன்று.

நான்காவது முறை கீழே போய் அப்படியே நின்றது.

டொக்.

என் கையில் ஸ்பேனர் இருந்தது. அடியிலிருந்து வெளியே ஓட எனக்கு வழியும் இருந்தது. நான் செய்தது, நிப்பிளைத் திறந்தது. பதினாறு வருடம் அந்தத் தட்டுக்கு அடுத்து அதைத்தான் செய்திருக்கிறேன். ஆயில் பாய்ந்து வந்தது. குமிழ்கள் பாட்டிலில் வெடித்தன. மூடினேன்.

"விடு."

டொக், டொக்.

வெளியே வந்து எட்டிப் பார்த்தேன். ஓட்டுநர் சீட்டில் யாரும் இல்லை. மரக்கட்டை மட்டும் பக்கத்து சீட்டில், யாரோ எடுத்து ஒழுங்காக வைத்ததுபோல், கிடந்தது.

மற்றவர்கள் என்ன செய்வார்களோ தெரியாது. நான் ஆயில் டப்பாவை நிரப்பிவிட்டு அடுத்த சக்கரத்துக்குப் போனேன். மூன்று வருடமாக நான் பேசிக்கொண்டிருந்தது மரம் அறுக்கும் மெஷின்களோடும் அடுப்போடும்தான். என் சொல்லுக்கு ஒரு பதில் வந்தது அன்றைக்குத்தான். பயம் இருந்தது, முதுகுத் தண்டு முழுக்க இருந்தது. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கம்.

பின் வலது. பின் இடது. முன் வலது. மூன்றும் சுத்தமாயின.

முன் இடது சக்கரத்துக்கு வந்தபோது ஸ்பேனரை ஒரு தடவை துடைத்துக்கொண்டேன்.

மூன்று வருடம் முந்தி நாங்கள் வேலையைப் பாதியில் விட்டது அந்தச் சக்கரத்தில்தான். மூன்று முடித்திருந்தோம். லோடு காத்திருக்கிறது என்று எவ்லோகி வாசலில் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டினார். "கடைசில இன்னும் காத்து இருக்குடா" என்றான் ஸப்ரியான், உள்ளேயிருந்து. எவ்லோகி என்னைப் பார்த்தார். "மூணு பிடிக்குது, போதும்" என்று ஒரு குரல் சொன்னது. அது அவர் குரல் என்று மூன்று வருடமாக எல்லாரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். அது என் குரல். ஸப்ரியான் லோடோடு மலையிறங்கினான்; ஐந்தாவது வளைவில் பெடல் தரைவரை போனது. பள்ளத்தில் விழாமல் அவன் மலைப்பக்கம் திருப்பினான். லாரிக்கு ஒரு மட்கார்டு மாற்றினால் போதுமாக இருந்தது.

"அழுத்து."

டொக்.

திறந்தேன். குமிழ். மூடினேன், திறந்தேன். குமிழ். பாட்டில் நிரம்பியது, கொட்டிவிட்டு வந்தேன். மறுபடியும் குமிழ். எவ்வளவு எடுத்தாலும் தீராமல், சின்னச் சின்னதாக, யாரோ ஆயிலுக்குள் மூச்சு விடுவதுபோல் வந்துகொண்டே இருந்தது.

நிப்பிளை இறுக்கி மூடினேன்.

"விடு."

பதில் இல்லை.

"விடுடா, ஸப்ரியான்."

பெடல் விடவில்லை. இன்னும் கீழே போனது. மனிதக் கால் அவ்வளவு அழுத்தாது. தலைக்கு மேல் இரும்பு கிறீச்சிட்டது. என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில், சக்கரத்துக்குப் போகிற ரப்பர் ஹோஸ் மெல்ல, தவளையின் தொண்டைபோல், உப்பத் தொடங்கியது. மேயரின் பெயிண்டர் ஹோஸையும் விடாமல் சிவப்படித்திருந்தான். அந்தப் பெயிண்ட் இப்போது வெடித்து உதிர்ந்தது. அதற்கு அடியில் ரப்பர் முழுக்க நரம்பு நரம்பாகப் பிளவு.

ஹோஸ் கிழிந்து ஆயில் என் கண்ணில் அடித்தது.

டொக், டொக்.

முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மேயர் வந்தார். விழாவில் மேயர்கள் அணிகிற மூவர்ணப் பட்டையைக் குறுக்கே போட்டிருந்தார், நாளைக்கு எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காக.

"மாஸ்டர்! சரித்திரம் புறப்படத் தயாரா?"

"சரித்திரத்துக்கு ஒரு ஹோஸ் கிழிஞ்சுபோச்சு, தலைவரே. இங்க கிடைக்காது. ப்ளோவ்திவ் நகரத்துலேர்ந்து வரணும்."

அவர் முகம் சுருங்கியது. பிறகு கணக்குப் போட்டு மலர்ந்தது. "மொத்தம் எத்தனை சக்கரம்?"

"நாலு."

"எத்தனை நல்லா இருக்கு?"

"மூணு."

"எழுபத்தஞ்சு சதவீதம்! ஐயா, நான் ஜெயிச்சதே ஐம்பத்தோரு சதவீதத்துல. அந்த ஹோஸை மடக்கிக் கட்டு, கையெழுத்தப் போடு. மூணு போதும்."

திறந்து கிடந்த வாசல் கதவில், பசை ஈரம் காயாத ஸப்ரியான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போதாது" என்றேன்.

"என்ன?"

"போதாது, தலைவரே. அன்னைக்கும் போதல. நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"மாவட்ட ஆளுநர் வர்றார், மாஸ்டர்! மேளம் வருது! ஒரு ரப்பர் துண்டுக்காக ஒரு ஊரோட எதிர்காலத்தை நிறுத்துவியா? தள்ளு. நானே மிதிச்சுக் காட்டறேன்."

பட்டை பறக்க, கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். கதவு சாத்திக்கொண்டது. அவர் சாத்தியதாகத் தெரியவில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் அவர் கீழே குனிவது தெரிந்தது.

"மாஸ்டர்." குரல் ரொம்பச் சின்னதாகிவிட்டிருந்தது. "பெடல் ஏற்கெனவே கீழ போயிருக்கு."

"காலை எடுங்க, வந்துரும்."

"என் கால் இன்னும் வைக்கவே இல்ல."

பனி உள்ளே வந்துகொண்டிருந்தது.

"இங்க ஒரு பூட்ஸ் இருக்கு, மாஸ்டர். ஈரமா இருக்கு."

டொக்.

கமென்யாக் மேயர் அந்த வண்டியிலிருந்து இறங்கியதை நான் பார்க்கவில்லை. அவ்வளவு சீக்கிரம் இறங்கினார். மூவர்ணப் பட்டை கதவிடுக்கில் மாட்டிக்கொண்டு தொங்கியது. மறுநாள் காலை ஊராட்சிப் பலகையில் முத்திரையோடு ஓர் அறிவிப்பு இருந்தது: பாதகமான வானிலை காரணமாக விழா ஒத்திவைக்கப்படுகிறது. அன்று வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. ஊரே வெயிலில் நின்று, கண்ணுக்கு மேல் கை வைத்துக்கொண்டு, அதைப் படித்தது.

முந்தின மாலையே நான் ஸ்டோய்னாவின் வீட்டுக்குப் போயிருந்தேன். உள்ளே கூப்பிடவில்லை. படியில் நின்றே சொன்னேன்.

"பிரேக் பிடிக்காது. ஏறாதீங்க. இன்னொண்ணு. அன்னைக்குப் போதும்னு சொன்னது எவ்லோகி இல்ல. நான்."

அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"தெரியும்" என்றாள். "நோட்டீஸ் ஒட்ட வர்றப்பல்லாம் உள்ள ஒரு தட்டு கேக்கும். ஒரே ஒரு தட்டு. நீதான் உள்ள வேலை பாக்கறேன்னு நெனச்சுப்பேன். இவனுக்கு இன்னும் மனசு உறுத்துது, அதான் தனியா வந்து கிடக்கிறான்னு."

"நான் மூணு வருஷமா அங்க வரவே இல்ல, ஸ்டோய்னா."

துணி நின்றது. என்னைப் பார்த்தாள். ரக்கியாச் சாராய பாட்டிலைக் கொண்டுவந்து, குடிக்கச் சொல்லாமல், செத்தவர்களுக்கு ஊற்றுவதுபோல் படிக்குக் கீழே மண்ணில் கொஞ்சம் ஊற்றினாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஹோஸ் நான்கு நாள் கழித்து பஸ்ஸில் வந்தது. தனியாகப் போய் மாட்டினேன். மேயர் அந்தத் தெருப்பக்கமே வருவதில்லை. ஊர்தியைத் தவணையில் விற்க யோசிப்பதாகப் பேச்சு. பேட்டரியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, ஆயில் நிரப்பி, அடியில் படுத்தேன்.

"அழுத்து."

டொக்.

திறந்தேன். ஒரு குமிழ் வந்தது. இன்னொன்று. பிறகு வெறும் ஆயில், தேன்போல் தெளிவாக, தடங்கலில்லாமல். கடைசிச் சக்கரம் சுத்தமாகிவிட்டது. மூன்று வருடம் கழித்து வேலை முடிந்தது. நிப்பிளை மூடி, தூசி மூடியைப் போட்டேன். இனி சொல்ல வேண்டியது ஒரு சொல்தான்.

ரொம்ப நேரம் படுத்திருந்தேன். மண்ணின் குளிர் முதுகில் ஏறியது. அந்தச் சொல்லைச் சொன்னால் வீட்டுக்குப் போகவேண்டும். வீட்டில் அடுப்பு இருக்கிறது.

"விடு" என்றேன்.

இரண்டு தட்டுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. நான் சொன்னது எனக்கே சரியாகக் கேட்டிருக்காது. அவ்வளவு மெதுவாகச் சொல்லியிருந்தேன்.

ஸ்பேனர்களைத் துடைத்து வைத்து, விளக்கை அணைத்து, கதவைப் பூட்டினேன். பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தேன். கதவின் அடி இடுக்கில் பனி சிவப்பாக ஒளிர்ந்தது. லாரியின் பிரேக் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பேட்டரி உள்ளே மேஜைமேல் இருந்தது.

அவன் இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

நான் இரண்டாம் முறை சொல்லவில்லை.