குறைந்தபட்ச அளவு

பஹ்மியா வரைந்த சாளரம், கணினித் திரையில் திறக்கும்போது சின்னதாகத் திறந்தது.

துறைமுக வேலையாட்களுக்கு நுழைவு அட்டை அடிக்கும் செயலி அது. வடிவமைப்பு மென்பொருளில் தாராளமாகத்தான் அளவு கொடுத்திருந்தாள். ஓடவிட்டால் நாலு பக்கமும் விரலளவு குறைந்திருந்தது. மென்பொருளுக்கென்று ஓர் இயல்பு அளவு இருக்கும். நாம் என்ன சொன்னாலும், பிடிவாதக்காரப் பிள்ளை மாதிரி அதற்கே திரும்பிப் போய் நிற்கும். இதற்குக் கீழே சுருங்காதே என்று குறைந்தபட்ச அளவு போட்டால் தீர்ந்தது. அதைக் கடைசியில் பார்க்கலாமென்று வழக்கம்போல விட்டிருந்தாள்.

மூடித் திறந்தாள். இன்னும் குறைந்திருந்தது.

மாதிரிப் படமாகக் கணவன் முனீப்பின் படத்தைப் போட்டிருந்தாள். துறைமுகத்தில் நிற்கும் கப்பலொன்றின் அடித்தொட்டிக்குள் வெல்டிங் செய்கிறவன். காலையில் அதற்குள் நின்றே, கைகளை அகல விரித்துச் சிரித்தபடி, கூட்டாளியைக் கொண்டு எடுத்து அனுப்பியது. சாளரம் சுருங்கினால் படத்தின் ஓரம் வெட்டுப்பட வேண்டும். வெட்டுப்படவில்லை. அந்திநேரத்து மஃரிப் பாங்கு ஓய்ந்து, கடற்பக்கமிருந்து டீசல் வாடையும் உப்புக் காற்றும் யன்னலால் வந்துகொண்டிருந்த அந்த மங்கலில், மறுபடியும் மூடித் திறந்து, திரையோடு முகத்தை ஒட்டிப் பார்த்தாள். படத்துக்குள் இரும்புச் சுவர்கள் கிட்ட வந்திருந்தன. விரித்த கைகள் மடங்கியிருந்தன. சிரிப்பைக் காணவில்லை.

தொலைபேசியில் அழைத்தாள்.

"தேத்தண்ணி குடிக்க மேல வந்தனான்," என்றான் முனீப். "காலையில அளந்து வெட்டின தகடு இப்ப உள்ளுக்குக் கொள்ளுதில்ல புள்ள. என்ர அளவு ஒருநாளும் பிழைக்காது."

"இனி உள்ளுக்குப் போகாதீங்க. அல்லாவுக்காக வீட்ட வாங்க."

"ஒரு ஒட்டுத்தான் மிச்சம். முடிச்சிட்டு வாறன்."

வைத்துவிட்டான். மறுபடி அழைத்தாள். இணைப்பு இல்லை. இரும்புக்குள் இறங்கிவிட்டான்.

மூடக்கூடாது. மூடினால்தானே திறக்கும், திறந்தால்தானே சுருங்கும். சாளரத்தை அப்படியே விட்டு, குறைந்தபட்ச அளவுக்கான கட்டத்தில் எண்ணை அடித்தாள். பூச்சியமாக மாறியது. இன்னொரு எண். பூச்சியம். எதை அடித்தாலும் பூச்சியம்.

கரண்ட் போனது.

இருட்டு. மின்விசிறி முனகி நின்றது. துறைமுகப் பக்கம் இரும்போடு இரும்பு உரசும் ஓசை, நீளமாக. கரண்ட் வந்ததும் கணினி தானாக எழும்படி, விட்ட வேலையைத் தானாகத் திறக்கும்படி, அவளேதான் அமைத்து வைத்திருந்தாள். வயரைப் பிடுங்க மேசைக்கடியில் குனிந்தாள். சுவர். தூசி. கதிரைக்கால். பிளக் அகப்படவில்லை.

கரண்ட் வந்தது.

சாளரம் திறந்தது. தீப்பெட்டி அளவு.

உள்ளே இரண்டு சுவர்களும் ஒட்டியிருந்தன. ஒட்டிய கோட்டில், வெல்டிங் சுட்ட தழும்போடு நாலு விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

அவை அசைந்தன.

மறுபடி கரண்ட் போகப் போவதுபோல், மேலே மின்குமிழ் ஒருமுறை மங்கி எரிந்தது.