தட்டில் மிஞ்சிய தீனி

தட்டில் போட்ட தீனி போட்டபடியே இருந்தது. இறால் ஒழுங்காகத் தின்கிறதா என்று பார்க்கத்தான் குளத்துக்குள் அந்த வலைத்தட்டை இறக்குவார்கள். இன்ஸ்பெக்டர் சிங்காரவேலு கயிற்றைப் பிடித்துத் தானே தூக்கிப் பார்த்தார். துளிகூடக் குறையவில்லை. ஆனால் தட்டில் துள்ளிய இறால் ஒவ்வொன்றும் நன்றாகக் கொழுத்திருந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"நாலஞ்சு நாளா சார். தொடவே மாட்டேங்குது," என்றான் காவலாளி, கரையை விட்டுத் தள்ளி நின்றபடி.

நாலைந்து நாளாகத்தான் அமிர்தலிங்கத்தையும் காணோம். தொண்ணூற்றைந்தில் தரங்கம்பாடிக்குத் தெற்கே நெல் விளைந்த பூமியெல்லாம் இறால் குளமாகிக்கொண்டிருந்தபோது, தன் வயலை விற்கமாட்டேன் என்று முரண்டு பிடித்தவர் அவர். சிங்கப்பூர் போய்விட்டார் என்றார் பண்ணை முதலாளி துரைராசு. அவருக்கு முன்னால் முரண்டு பிடித்தவர்களும் இப்படித்தான் துபாய்க்கும் சவூதிக்கும் போயிருந்தார்கள். விமானம் ஏறியதை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

"பாஸ்போர்ட்டே இல்லாத மனுஷன் எப்படிங்கய்யா சிங்கப்பூர் போவாரு?" என்று அமிர்தலிங்கத்தின் மனைவி நாகம்மாள் ஸ்டேஷனுக்கே வந்து கேட்டிருந்தாள். நாளைக்குள் கேஸை மூடு என்று மேலிடத்து உத்தரவு வேறு. மூடுவதாவது!

"மதகைத் திற."

"வேணாம் சார். பொழுது சாயுது." காவலாளி இன்னும் ஓரடி பின்னால் நகர்ந்தான். "தண்ணி வத்துனா அதுங்களுக்குப் பிடிக்காது."

"எதுங்களுக்கு?"

அவன் திரும்பிப் பாராமல் ஓடினான்.

சிங்காரவேலுவே மதகுப் பலகையைத் தூக்கினார். உப்பும் அழுகலும் கலந்த வாடை குப்பென்று எழ, தண்ணீர் வாய்க்காலுக்குள் கொடகொடவென்று இறங்க, இறாலுக்கு மூச்சுக்காற்றுக் கிடைக்கக் குளத்து நடுவில் சுழன்ற சக்கரங்கள் வெறும் சேற்றில் இடித்து ஒவ்வொன்றாய் நின்றன. பிறகு சத்தமே இல்லை. தவளைகூடக் கத்தவில்லை.

சேற்றில் ஏதோ நட்டிருந்தது. வரிசையாக. நாற்று நட்டது போல.

உப்புச் சேற்றில் ஏது நாற்று?

விரல்கள்.

ஓடிவிடு என்றன கால்கள். அவர் ஓடவில்லை. "எந்த முதலாளிக்காகவும் இந்தக் கேஸை மூடமாட்டேன்டா!" என்று வெறுங்குளத்தைப் பார்த்துக் கத்திவிட்டு, சேற்றில் இறங்கினார். கணுக்கால். முழங்கால். கரையோரத்துக் கையில் மட்டும் இன்னும் கொஞ்சம் சதை இருந்தது. மற்றதெல்லாம் எலும்பு.

"அமிர்தலிங்கம், வாங்க. வீட்டுக்குப் போவோம்."

பிடித்து இழுத்தார். அது அவர் கையை இறுக்கிக்கொண்டது.

எலும்பு நொறுங்குகிற பிடி. அவரும் விடவில்லை. சுற்றிலும் சேறு குமிழியிட்டது. எலும்புக் கைகள் ஒவ்வொன்றாய், முழங்கைவரை எழுந்து, அவர் பக்கம் நீண்டன.