ஐம்பத்தொன்பது குப்பிகள்

ஓர் உயிரை உருவாக்கும் கட்டளைகள் அனைத்தும் எழுதப்பட்ட பெருநூல் ஜீனோம். அதை வாசிக்கத் தொடங்கிய நாள் முதல் மனிதகுலம் படைப்பின் வாசலிலேயே நிற்கிறது...

அந்த வாசல் அன்று காலை திருகோணமலை மீன் துறையில், ஒரு பாரை மீனின் வாலடியில் இருந்தது. ஆராய்ச்சி மாணவி ஷிஃபானா குனிந்து அதில் ஒரு துண்டைக் கத்தரித்தாள்.

"ஏலத்துக்கு வெச்ச மீன் மிஸ் அது."

நிமிர்ந்தாள். தூறலில் இமைகள் நனைந்த இரண்டு கண்கள்... கோபப்பட முயன்று தோற்றுக்கொண்டிருந்தன. கிண்ணியா றுவைஸ், படகுக்காரன்.

இந்தக் கரைப் பாரைகள் எல்லாம் ஒரே கூட்டமா, வெவ்வேறா என்று அறிய அறுபது மீன்களின் ஜீனோம் வேண்டும் என்றாள். நகத்தளவு போதுமாம். உடலின் எந்தக் கலத்தை (செல்) எடுத்தாலும் முழு ஜீனோமும் அதற்குள் இருக்குமாம்.

"முழுசுமா?"

"ஓம் நானா, முழுசும்." அண்ணன் முறை வைத்தே அழைத்தாள்.

"அப்ப மீனை நீங்க கொண்டுபோங்க. எனக்கு அந்தத் துண்டு போதும்."

சிரிப்பதில்லை என்றிருந்தவள் சிரித்துவிட்டாள்.

மிச்சம் ஐம்பத்தொன்பதையும் தானே தருவதாக அவன் அறிவித்தான். வாப்பாவின் வாப்பா காலம் முதல் அவர்கள் படகுக்கு அகப்படாத பாரை இல்லையாம். ஸ்பிரிட் குப்பிகளை வாங்கிக்கொண்டு போனான்.

ஓர்ஸ் ஹில்லில் அவள் வாடகை வீட்டு வாசலுக்குக் காலைக்கு ஒரு குப்பி வந்தது. பத்தாவதுக்கு அவள் கண்ணுக்குச் சுறுமா இட்டிருந்தாள். இருபதாவதுக்கு அவன் சட்டையை அயர்ன் பண்ணியிருந்தான். முதலில் சொல்ல வேண்டியது மற்றவர்தான் என்பதில் இருவரும் உறுதியாக இருந்தார்கள்...

பிறகு பரிசோதனை முடிவு வந்தது. அவளே வெட்டிய துண்டு ஒரு மீன். மற்ற ஐம்பத்தொன்பதும் இன்னொரு மீன். ஒரே மீன்.

அவனைச் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றவேயில்லை. தன் கைதான் எங்கோ குப்பிகளைக் கலந்துவிட்டது, நாளைக்குப் பேராசிரியரிடம் சொல்லி ஆய்வை விடப்போகிறேன் என்று அவனிடமே சொன்னாள். கண்கள் நிலத்தில் இருந்தன. அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது.

"உங்கட கையில பிழை இல்ல மிஸ். எல்லாம் ஒரு மீன்ல நான் வெட்டினதுதான். எந்தத் துண்டிலயும் முழுசும் இருக்கெண்டு நீங்கதானே சொன்னீங்க..."

"அந்த மீன்ட முழுசு நானா அது! மற்ற மீனுக்கு வேற. பிறகு எதுக்கு நான் அறுபது கேட்டனான்?"

"என்னைக் காணத்தான் எண்டு நினைச்சன்..." தொண்டையைச் செருமினான். "நான் வந்தது உங்களைக் காணத்தான். இனி என்னை நானா எண்டு கூப்பிடாதீங்க."

மழை வலுத்தது. அவளுக்குக் கோபத்தையும் கண்ணீரையும் பிரித்தறிய ஏலாமல் போயிற்று...

"திரும்ப வெட்டுவம் றுவைஸ். துண்டுக்கொரு மீன். நானும் உங்கட படகில வாறன்."



படகின் எஞ்சின் இரண்டு மாதமாகப் பழுது. ஐம்பத்தொன்பது துண்டு கொடுத்த அந்த ஒரு மீனும் நிலாவெளிச் சந்தையில் வாங்கியது.