ஐந்து அசைக்கு ஒரு பெயர்

பேய்க்கதைக்கு ஆகவே ஆகாத நேரம் அது. பெப்ரவரி மாதத்து மூன்று மணி வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. மோர்னிங்சைடில் அந்தப் பழைய வீட்டுக் கதவை அம்மா தன் சொந்த வீடு போலத் திறந்து, பூட்ஸைக் கழற்றி வைத்தார். பக்கத்தில் ஒரு சோடி கறுப்புச் சப்பாத்து. செத்தவருடையது. யாரும் அதை இன்னும் எடுக்கவில்லை.

செத்தவர் கொன்செற்றா. தெற்கு இத்தாலியின் மலைக்கிராமம் ஒன்றிலிருந்து வந்த மூதாட்டி. வீடுகளுக்குப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் என் அம்மா அருள்நாயகிதான் கடைசி இரண்டு வருடமும் அவரைப் பார்த்துக்கொண்டார். அவர் இறந்து அன்றைக்கு இருபதாம் நாள்.

"முப்பத்தொண்டாம் நாள் முடியட்டும், பூசை குடுத்திட்டு வருவம் எண்டு சொன்னன். கேட்டியே பிள்ளை?"

"அடுத்த கிழமை சாப்டர் குடுக்கோணும் அம்மா."

நான் யூனிவர்சிற்றியில் இத்தாலிய மொழியின் வரலாறு படிக்கிறேன். தமிழை ஒழுங்காக எழுதத் தெரியாதவள் இத்தாலிக்காரனின் பூர்வீகம் தேடுகிறாள் என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பெரிய நகரத்து நூல்கள் கைவிட்ட சொற்கள் மலைப்பக்கத்துப் பாட்டுகளில் உயிரோடு கிடக்கும். அவற்றைத் தேடிப் பிடிப்பதுதான் என் வேலை. கொன்செற்றாவின் ஊர்ப்பேச்சில் எழுதிவைத்ததாக எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவருடைய ஒப்பாரிக் கொப்பி. இளவயதில் அந்த ஊர்ச் செத்தவீடுகளில் முன்நின்று அழுதவர் அவர். கொப்பியைப் பார்க்க அவருடைய மகன் அனுமதி தந்திருந்தார்.

அம்மா மேலே இருந்துவிட்டார். நான் இறங்கிய பேஸ்மென்றில் புளித்த வைன் மணமும் அப்போதுதான் அணைத்த மெழுகுதிரி மணமும். கொப்பி மேசையிலேயே கிடந்தது. ஒவ்வொரு ஒப்பாரியும் பன்னிரண்டு வரி. முதல் வரியில் செத்தவரின் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. கடைசிப் பக்கத்தில் அந்த முதல் வரி மட்டுமே. மீதி வெறும் தாள்.

பழைய பாட்டை நாங்கள் கண்ணால் மட்டும் படிப்பதில்லை. வாய்விட்டுச் சொல்லி, விரல்விட்டு அசை எண்ணி, பதிவு செய்வோம். உயிரொலிக்கு ஒன்றாக எண்ணும் இத்தாலியக் கணக்கில் அந்த இடைவெளிக்கு ஐந்து அசை தேவைப்பட்டது. வாயில் வந்த பெயரைப் போட்டேன்.

அ, ருள், நா, ய, கி.

கச்சிதமாகப் பொருந்தியது. எனக்குச் சந்தோஷம்கூட வந்தது.

மேலே கதிரை ஒன்று இழுபட்டது.

"ஓம், வாறன்," என்றார் அம்மா.

படியில் இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்தார். "நீயே கூப்பிட்டனி?"

"இல்லையே அம்மா."

அம்மாவின் குரல் தணிந்தது. "அந்த மனிசிதான் என்னை முழுப்பேர் சொல்லிக் கூப்பிடுறது."

மறுநாள் மல்வேர்னில் எங்கள் வீட்டுக் குசினியில், கீரை ஆய்ந்தபடி அம்மா எதையோ முணுமுணுத்தார். கிட்டப் போனேன். கொன்செற்றாவின் ஊர்ப்பேச்சு. கொப்பியில் எழுதாமல் விட்டிருந்த அந்த ஒப்பாரியின் இரண்டாவது வரி.

அம்மாவுக்கு இத்தாலிய மொழி தெரியாது.

"நான் எங்க பாடினனான்? உனக்குப் படிச்சுப் படிச்சு மண்டை கலங்கிப்போச்சு."

அடுத்த நாள் மூன்றாவது வரி. அதற்கடுத்த நாள் நான்காவது. நான் பயந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயந்துகொண்டே அவற்றை எழுதியும் கொண்டேன். எந்த நூலிலும் கிடைக்காத சொற்கள் அவை.

பதினோராவது வரி முப்பதாம் நாள் வந்தது. அப்போதுதான் நாளையும் வரியையும் சேர்த்து எண்ணிப் பார்த்தேன். கடைசி வரியான பன்னிரண்டாவது முப்பத்தோராம் நாளில் விழுந்தது.

முப்பத்தோராம் நாள் தேவாலயத்துக் காலைப் பூசைக்கு அம்மாவோடு ஒட்டிக்கொண்டே போனேன், ஒட்டிக்கொண்டே வந்தேன். அவர் வாயிலிருந்து ஒரு ராகமும் வரவில்லை. மூன்று மணிக்கு அவர் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். தப்பிவிட்டோம் என்று நினைத்தேன். எழுதிய தாளைக் கிழித்துப் போடத்தான் கையில் எடுத்தேன்.

கண் பதினொரு வரியிலும் ஓடியது. விரல்கள் தாமாகவே அசை எண்ணின. இத்தனை வருடப் படிப்பு. கடைசி வரி எப்படி முடியவேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பன்னிரண்டாவது வரியை அம்மா பாடவில்லை.

நான் பாடினேன்.

குசினியிலிருந்து குரல் வந்தது. "ஓம், வாறன்."

ஓடினேன். பைப்பில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா இல்லை. வாசல் கதவு உள்ளே பூட்டியபடியே இருந்தது. அவருடைய பூட்ஸும் வைத்த இடத்திலேயே இருந்தது.

பக்கத்தில் ஒரு சோடி கறுப்புச் சப்பாத்து. அதில் ஒட்டியிருந்த பனி இன்னும் கரையவில்லை.