தெரசா வளர்த்த தண்ணீர்

தெரசாவின் வீட்டுப் பின்புறக் குளத்தில் அன்று காலை மீன்களெல்லாம் ஒரே மூலையில், சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தன. பொரியைத் தூவினாள். ஒன்றும் திரும்பவில்லை. கேளுங்கள் கண்ணுங்களா, தண்ணீரில் குறை சொல்ல ஏதுமில்லை. அடியில் கிடந்த கூழாங்கல்லின் வரிகூடத் தெரிகிற தெளிவு. அந்தத் தெளிவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, செதிள் நடுங்க, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன மீன்கள்.

குளம் என்றதும் பெரிதாக எண்ணிவிடாதீர்கள். துவைகல்லுக்குப் பக்கத்தில் இடுப்பளவு ஆழத்துக்குத் தோண்டிச் சிமெண்டு பூசிய பள்ளம், அவ்வளவுதான். போன வருஷ மழையில் அயனம்பாக்கம் ஏரியில் இறங்கிய அவளுடைய சின்னஞ்சிறு மகள் சௌந்தரி கரையேறவில்லை. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்த வேகத்தில் உடலும் கிடைக்கவில்லை. மாதா கோயிலில் பூசை வைத்தார்கள். புதைக்கத்தான் ஒன்றும் இல்லை. கல்லறைத் திருநாளில் ஒரு மெழுகுவர்த்தி நட்டுவைக்கக்கூட இடமில்லாத தாய் என்ன செய்வாள்? பிள்ளை முழுகிய இடத்திலிருந்து ஒரு குடம் தண்ணீரும் ஒரு கூடை வண்டலும் கொண்டுவந்தாள். பாலுக்கு உறை ஊற்றுவதுபோல அதைப் பள்ளத்தில் ஊற்றி, மேலே நல்ல தண்ணீர் நிரப்பினாள். ஏரித் தண்ணீர் முழுவதும் பரவிப் பிடித்துக்கொண்டது.

அதன்பிறகு அல்லி நட்டு, மீன் விட்டு, அதைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டாள். ஒரேயடியாகத் தண்ணீரை மாற்றமாட்டாள். கொஞ்சம் மொண்டுவிட்டுக் கொஞ்சம் ஊற்றுவாள். லாரித் தண்ணீரை டிரம்மில் வெயில் காயவைத்து, மருந்து வாடை போனபிறகே சேர்ப்பாள். அல்லியிலை ஒன்று அழுகினால் அப்போதே கிள்ளிவிடுவாள். மீன் தின்னாமல் விட்ட பொரியை வடிகட்டியால் அள்ளுவாள்.

"இன்னா தெரசா, பள்ளத்துக்குத் தல பின்னிப் பூ வெக்கலியா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சிரிப்பாள் முத்தம்மாள். "எங்கூட்டுக் கெணறே நாறுது. உன்னுதுல மொகம் பாத்துப் பவுடர் போட்லாம் போல கீது!"

கொஞ்ச நாளாக அள்ளுவதற்குப் பொரி மிஞ்சுவதில்லை. மீன்களும் தின்பதில்லை. துணி துவைக்கும்போது முதுகுப் பக்கம், தேங்காயெண்ணெய் தடவிய தலை வெயிலில் காய்கிற வாடை வரும். திரும்பினால் தண்ணீர் மட்டும். ஒருநாள் அல்லியிலைக்கு அடியிலிருந்து, நனைந்த துணிக்குள்ளிருந்து பேசுவதுபோல, "ம்மா" என்றது. சௌந்தரி அப்படித்தான் கூப்பிடுவாள்.

தெரசா யாரிடமும் சொல்லவில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அது தன் பிள்ளையாயிற்றே.

மீன்கள் சுவரைப் பார்த்து நின்ற அன்று கல்லறைத் திருநாள். தன் அப்பாவின் கல்லறைக்குப் பூமாலையும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு கிளம்பிய அவள் புருஷன் ராயப்பன், பின்கட்டில் ஒரு சாக்குப்பையை இறக்கிவைத்தான்.

"பிளீச்சிங் பவுடர். வந்ததும் கொட்டிட்டு மண்ணப் போட்டு மூடப் போறேன்."

"வாணாங்க. செத்துடும்."

"இன்னாது செத்துடும்? மீனா?"

அவள் சாக்குப்பையைக் குளத்தைவிட்டுத் தள்ளி இழுத்துவைத்தாள்.

"ஒரு வருசமா இத்தாண்டயே குந்திகினு கீற. எனக்கும் அவ புள்ளதான்டி." படலைச் சாத்திக்கொண்டு போனான்.

அவன் திரும்புவதற்குள் பிள்ளையைத் தூக்கிவிட வேண்டும். வேறு எதுவும் அவள் நினைவில் இல்லை.

தெருவே கல்லறைக்குப் போயிருந்தது. மழை கட்டி நின்ற வானம், பொழுது சாய்வதற்கு முன்பே இருட்டியது. கரண்ட்டும் போனது. தெரசா குளத்தின் விளிம்பில் மெழுகுவர்த்தியை ஒட்டவைத்தாள். காற்றே இல்லை, சுடர் தண்ணீர்ப் பக்கம் சாய்ந்தது. எங்கோ ஒரு தவளை கத்திக்கொண்டிருந்தது. பாதியில் நிறுத்தியது.

"ம்மா."

"இங்கதான்டி கீறேன், என் கண்ணே."

அடிவரைக்கும் தெரிகிறது. கூழாங்கல். வண்டல். அல்லித் தண்டு. யாருமில்லை. முழங்கை மூழ்கக் கையை விட்டுத் துழாவினாள். ஐஸ் போன்ற குளிர்.

ஒரு கை பிடித்தது.

கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் பிடித்தது. விரல் விரலாக.

"தூக்கும்மா."

தூக்கினாள். அழுதுகொண்டே, பல்லைக் கடித்துக்கொண்டு, காலை விளிம்பில் ஊன்றி இழுத்தாள். தண்ணீர் மட்டத்தைத் தாண்டியபிறகுதான் அது கண்ணுக்குத் தெரிந்தது.

தடித்த விரல்கள். கறுத்த நகம். ரோமம் அடர்ந்த மணிக்கட்டு. அதில் ஊறி வெளுத்த சதையைக் கவ்விய செப்புக் காப்பு.

"தூக்கும்மா," என்றது சௌந்தரியின் குரலில்.

உதறினாள். விடவில்லை. குளத்தின் விளிம்பெங்கும் கைகள் ஏறின. கண்ணாடி வளையல் போட்ட கை. கிழட்டுக் கை. விரலில்லாத கை. சிமெண்டைப் பற்றின. அவள் சேலையைப் பற்றின.

"ம்மா." "ம்மா." "ம்மா." எல்லாம் ஒரே குரல்.

எத்தனையோ பேரை விழுங்கிய ஏரியை மொண்டபோது, மகளை மட்டும் பிரித்தா மொண்டாள்?

நடுவில், எல்லாக் கைகளுக்கும் நடுவில், ஒரு சின்னக் கை மேலே வந்தது. விளிம்பு எட்டவில்லை. தெரசா மறுகையை நீட்டினாள். செப்புக் காப்புப் போட்ட கை அவளை விளிம்போடு இறுக்கிப் பிடித்தது. ஒரு விரல்கடை தூரம். மற்ற கைகள் அந்தச் சின்னக் கையின்மேல் ஊன்றி, அதை அழுத்தி அழுத்தி மேலே ஏறிக்கொண்டிருந்தன.

அத்தனை கைகளும் அம்மா அம்மா என்று கூப்பிட்டன. அது மட்டும் கூப்பிடவில்லை. விரல்களை விரித்து, விரித்து மூடியது.