'அங்க' போகும் ரயில்

முள்ளூரணியில் வீட்டுக்கு வீடு சுவரில் நாட்டமானி ஒட்டியாயிற்று. கொட்டாங்கச்சி அளவுதான் இருக்கும். ஊரார் பேசுவதையெல்லாம் கேட்டு, அவர்கள் மனம் எந்த ஊர்ப்பக்கம் இழுக்கிறது என்று கண்டுபிடிக்கும். அந்த ஊருக்குத் தடம்பரப்பி என்ற இயந்திரம் தானாகவே தண்டவாளம் போட்டுக்கொண்டு போகும். மாவட்டத்தில் புதிது புதிதாக ஆலைகள் முளைத்தன. வரைபடம் போட்டு ரயில் விடுவதற்குள் ஜனங்கள் வேறு பக்கம் போய்விடுவதால் இந்த ஏற்பாடு. ஒரு ஊருக்கு ஒரு தடம். மனம் மாறினால் அதையும் பிடுங்கி மாற்றிப் போடும்.

பேச்சித்தாய்க்கு டவுனில் மின்கல ஆலையில் வேலை கிடைத்திருந்தது. பஸ்ஸை நம்பினால் முதல் ஷிப்ட்டுக்குப் போக முடியாது. ரயில் வந்தால்தான் வேலை.

அவளுடைய ஓரகத்தி செண்பகத்துக்கு அந்தக் கவலை இல்லை. அவள் இருக்கும் பக்கத்து ஊர் சடையன்பொட்டலுக்குப் போன வருடமே டவுன் ரயில் வந்துவிட்டது. அதே ஆலைக்குப் போய், தலையில் வைத்த பூ வாடாமல் திரும்பி வந்தாள். பேச்சித்தாய்க்கு வயிறு எரிந்தது.

எல்லோரும் டவுனைப் பற்றியே பேச வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாயிற்று. பேச்சித்தாய் சுவரைப் பார்த்து, "டவுனுக்குப் போணும்" என்று ஒப்பித்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அங்க ஸ்டேஷன்ல ஏசி ரூமாம். அங்க உள்ளவளுகளுக்கு வந்த வாழ்வப் பாத்தியளா?"

"நமக்கும் வரும்டி. விடு."

"எப்படி விட? அங்க ஒருத்தி கால்மேல கால் போட்டு ஒக்காந்து போறா."

தடம்பரப்பி புறப்பட்டபோது ஊரே பின்னால் நடந்தது. ஓடையைத் தாண்டியதும் அது டவுன் பக்கம் திரும்பவில்லை. சடையன்பொட்டலுக்குத் திரும்பியது.

"நாங்க டவுனுன்னுதான சொன்னோம்?" என்று தடம்பரப்பியோடு வந்த பொறியாளர் அல்போன்ஸை மறித்தாள் பேச்சித்தாய்.

"சுவரப் பாத்து ஒப்பிச்சத அது சேத்துக்காதும்மா. 'அங்க'ங்கிற வார்த்தையத்தான் எடுத்திருக்கு. ஒங்க ஊர்ல யாரு 'அங்க'ன்னாலும் அது சடையன்பொட்டல்தான்."

அவமானமாக இருந்தது. ஆனாலும் சடையன்பொட்டலில் இறங்கி டவுன் ரயிலைப் பிடித்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அந்த நினைப்பும் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. முள்ளூரணியின் புது ஸ்டேஷனைப் பார்த்த நாளிலிருந்து சடையன்பொட்டலில் வேறு பேச்சே இல்லை. அங்க பளிங்குத் தரையாம், அங்க பெட்டியெல்லாம் புதுசாம். அவர்கள் வீட்டு நாட்டமானிகளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தன. தடம்பரப்பி போய் அவர்களுடைய டவுன் தடத்தைப் பிடுங்கி, முள்ளூரணிப் பக்கம் திருப்பிப் போட்டது.

செண்பகம் போனில் கத்தினாள். "எனக்கு வேல போச்சுக்கா. ஒங்க ஊரு கண்ணு பட்டே எங்க ரயிலு போச்சு."

"எனக்கும்தான் போச்சு" என்று போனை வைத்தாள் பேச்சித்தாய். ஒரு வருடமாக இருந்த வயிற்றெரிச்சல் சட்டென்று அடங்கியது.

மறுநாளே அவள் ரயிலேறினாள். செண்பகம் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஊரே அவளைப் போலக் கிளம்பியிருந்தது; பெட்டியில் நிற்கக்கூட இடமில்லை.